தியாகராசா மாஸ்டர் கழற்றச் சொன்ன கதவு

கொழும்பில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு யுத்தத்தையே கடந்துவிடப் பார்த்தவர், எனக்குத் தெரிய, தியாகராசா மாஸ்டர் ஒருவர்தான். அந்தச் சொல் 'சப்சைட்'.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொச்சிக்கடையில் மூட்டை சுமந்து, கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்து, வெள்ளவத்தைக் கால்வாயோரச் சதுப்பை நிரப்பி மாடிவீடு எழுப்பினேன். எஞ்சினியரும் நானே. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றைந்தில் வந்த மாஸ்டர் அதன் கீழறையில் வாடகைக்கு இருந்து, விசாவுக்குக் காத்திருப்போருக்கு ஆங்கிலம் படிப்பித்தார்.

வெள்ளம் வடிந்தால் சப்சைட். வீக்கம் வற்றினால், காய்ச்சல் தணிந்தால், கோபம் அடங்கினால், நிலம் தாழ்ந்தால், எல்லாம் சப்சைட். மெல்ல, தானாக நடக்க வேண்டுமாம். பிடித்துத் தள்ளினால் அதற்கு வேறு சொல்லாம். கனடாவிலிருந்து மகள் கௌரி கூப்பிடும்போதெல்லாம், "பிரச்சினை சப்சைட் ஆகட்டும் பிள்ளை" என்பார். பிரச்சினையும் இவரிடம் படித்துவிட்டுத்தான் அடங்க வேண்டும் போல.

ஒரு மாரிக்குப் பிறகு அவருடைய கதவு தரையில் உரசியது.

"முதலாளி, உங்கட கட்டிடம் சப்சைட் ஆகுது."

"நான் கட்டினது தாழாது மாஸ்டர். களைச்சுப்போய்க் கொஞ்சம் குந்தியிருக்குது."

"கதவு இறுகுது."

"தூக்கி இழுங்கோ. அடியைச் சீவி விடட்டோ?"

"வேண்டாம், வெயிலுக்குச் சரிவரும்."

கதவுக்கும் அதே வைத்தியம்!

எங்கோ குண்டு வெடித்த மறுநாள் பகல், ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். நான் மேல்மாடியில் குழாய் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே ஆமிக்காரர் கதவைத் தட்டி, "தொர அரின்ன!", கதவைத் திற என்று சிங்களத்தில் கத்தினார்கள். உள்ளே மாஸ்டர் இழுக்கிறார், கதவு அசையவில்லை. வெளியே நிற்பவர்களுக்கு, யாரோ உள்ளே கதவைத் திறக்கவிடாமல் பிடித்திருப்பது போலிருந்தது. துவக்குகள் கதவை நோக்கின.

அப்போதும் மாஸ்டர் நிதானமாக ஆங்கிலத்தில் விளக்குகிறார்: "சேர், த பில்டிங் ஹாஸ் சப்சைடட்."

பூட்டிய கதவுக்குள்ளிருந்து ஆங்கிலம் வந்தால் சந்தேகம் குறையுமா? நான் பாய்ந்து இறங்கினேன். "தொர ஹிரவெலா சேர், மகே கெய!" கதவு இறுகிவிட்டது, வீடு என்னுடையது என்று கத்திக்கொண்டே கைப்பிடியைத் தூக்கித் தோளால் இடித்தேன். கதவு திறந்தது. மாஸ்டர் கைகளை உயர்த்தியபடி நின்றார். சேட்டு முழுக்க வியர்வை.

அதிகாரி அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். சண்டை சீக்கிரம் சப்சைட் ஆகும் என்று ஆங்கிலத்தில் மாஸ்டர் உதாரண வாக்கியம் எழுதியிருந்தார்.

"வென், மாஸ்டர்?" எப்போது என்று கேட்டார். கேலியாகக் கேட்டது போலவும் இருந்தது, உண்மையாகக் கேட்டது போலவும் இருந்தது.

எத்தனையோ பேருக்கு வாய் ஓயாமல் விளக்கிய மனுசன் திரும்பித் தான் எழுதியதைப் பார்த்தார். அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் பலகையைத் துடைத்தார். "முதலாளி, கதவைக் கழட்டுங்கோ."

"இப்பவே சீவிவிடுறன்."

"சீவ வேண்டாம். கழட்டுங்கோ."

"கள்ளன் வந்தால்?"

"கள்ளன் துவக்கோட வரமாட்டான்."

என் தேக்கங் கதவைக் கழற்றி மாடியில் சாத்திவைத்தேன். அதன் பிறகு மழை நாளில் சாரல் வகுப்புக்குள் அடிக்கும். படிக்கிறவர்கள் கொப்பிகளை மடிக்குள் ஒளிப்பார்கள். வெள்ளமும் காய்ச்சலும் வகுப்பில் அடங்கிக்கொண்டுதான் இருந்தன. சண்டையை மட்டும் மாஸ்டர் மறுபடி எழுதவில்லை. கதிரையை வாசலுக்கு நேரே போட்டு, வருகிறவனுக்குத் தன் இரண்டு கையும் தெரியும்படி இருந்து படிப்பித்தார்.