மேகலா சிஸ்டர் என்னை நம்பி எழுதிய வரி

செவ்வாய்க்கிழமை காலை ஆனையூர் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும் சமயநல்லூர் அய்யாவு அண்ணன் போனில் கூப்பிட்டார். "தாயி, நம்ம மேகலா சிஸ்டர் இறந்துட்டாங்களாம். நெஞ்சுவலியாம்" என்றார். மில்லை நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி நிறுத்தினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கடைக்கு வருமுன் எங்களைப் போன்றவர்கள் சம்மதித்துச் சாப்பிடுகிறோம். எங்களுக்கு என்ன ஆனாலும் கேட்டு எழுதுவது மேகலா சிஸ்டரின் வேலை.

முதல் நாளே, "இதுல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. உங்களுக்கு எதுன்னு எனக்கும் தெரியாதுக்கா" என்றார்கள்.

"தெரியாமயா குடுக்குறீங்க?"

"தெரியாமத்தேன் குடுக்கணும். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்."

"அப்ப எனக்கு வெறும் மாத்திரைதேன். என் ராசி அப்படி" என்றார் அய்யாவு அண்ணன். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதே அண்ணன் சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் படுத்தார். மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர், "வெயில்தான சிஸ்டர், ஏன் பெருசு பண்றீங்க?" என்றார்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "வெயிலா மருந்தான்னு பெரியவங்க பாக்கட்டும் சார். இவரு விழுந்தாரு. அது இன்னைக்கே போயாகணும்." எழுதியதை அன்று சாயங்காலமே மேலே அனுப்பிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர்களிடம் நான் பொய் சொன்னேன்.

திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் அக்காவுக்கும் சர்க்கரை. அவளை இதில் சேர்த்துக்கொள்ளவில்லை. எதையும் பங்கு வைத்தே பழகியவர்கள் நாங்கள். நல்ல மாத்திரையாச்சே என்று ஓர் அட்டையை அவளுக்குக் கொடுத்தேன். நாலே நாளில் அவளுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. நிறுத்தியதும் சரியானது.

காலி அட்டையையும் நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிஸ்டர் எண்ணியபோது ஒன்று குறைந்தது.

"எங்கக்கா இன்னொண்ணு?"

"குழாயடியில விழுந்து தண்ணியோட போயிருச்சு சிஸ்டர்."

உண்மையைச் சொன்னால் என்னை நீக்கிவிடுவார்களே என்ற பயம். மாதாமாதம் அம்புட்டு அக்கறையாக என்னை வேறு யார் பார்ப்பார்கள்? சிஸ்டர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்க சொல்றதைத்தேன்க்கா எழுதுவேன்" என்றார்கள். எழுதினார்கள்.

போன் வந்த அன்றே சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்களைப் பார்த்தபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தெருமுனை வரை போவதும் வருவதுமாக இருந்தேன்.

மறுநாள் என் முறை இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தச் சோதனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கோபம் வந்தது. "இதை இப்ப வந்து சொல்றீங்களே! உங்களை இதுல வச்சிருக்க முடியுமான்னே தெரியலம்மா."

"எடுத்துருங்கம்மா. எங்கக்காவுக்கு ஆனதை எழுதிட்டு எடுங்க."

ஃபைலைத் திறந்து, என் பொய் எது என்று விரலால் காட்டினார்கள். சிஸ்டரின் குண்டு எழுத்து. அழிக்கக் கூடாதாம், பழசும் தெரிய வேண்டுமாம். அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் வைத்து, பக்கத்தில் நான் சொன்னதை எழுதினார்கள். கோட்டுக்கு அடியில் அந்தக் குண்டு எழுத்து அப்படியே தெரிந்தது. அப்போதுதான் அழுதேன்.

சிஸ்டர், இது உங்கள் கையால் எழுதியிருக்க வேண்டியது. நான்தான் தாமதம் பண்ணிவிட்டேன். போய் வாருங்கள்.