காந்தத்தை எடுத்த பிறகும் திரும்பாத ஊசிகள்

பெரியவளே, சின்னவளே, உங்கள் இரண்டு பேருக்கும்தான் அப்பா இதை எழுதுகிறேன். பெரியவளுக்கு நடந்தது தெரியும். ஆனால் அன்று அவள் எதிரில் இருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற என்னைப் பார்க்கவில்லை. சின்னவளே, நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய்.

பெரியவள் பிளஸ் ஒன் படித்த வருஷம். கேசட்டில் இருக்கும் டேப்பின் மேல் பொடிப்பொடியாகக் காந்தத் தூள் பூசியிருக்கிறது, பாட்டைப் பதியும்போது அந்தத் தூள்கள் இப்படியும் அப்படியும் திசை மாறுகின்றன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கரண்டை நிறுத்தின பிறகும் பாட்டு ஏன் அழியவில்லை என்பதை அறிவியல் கண்காட்சியில் செய்தே காட்டுகிறேன் என்று இவள் எழுந்து சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் நான் தறியை நிறுத்தினேன். ஷேவிங் பிளேடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, சட்டையில் வைக்கும் டிச் பட்டனின் பாதியில் ஒவ்வொன்றாக ஒட்டினோம். குண்டூசி முனையில் உட்கார வைத்தால் ஒவ்வொரு துண்டும் திசைகாட்டி ஊசி மாதிரி சுற்றும். குண்டூசிகளைத் தெர்மாகோலில் வரிசையாகக் குத்த, சேலையில் பூ விழுவதற்காகத் தறியில் மாட்டும் பழைய டிசைன் அட்டையின் ஓட்டைகளே அளவு கொடுத்தன. உங்கள் மாமா வந்து பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், பிளேடு அறுத்துகினு கீறீங்க? சலூன் வைக்கப் போறீங்களா?" என்றார்.

துண்டுகளுக்குக் காந்தம் ஏற்றும் வேலை என்னுடையது. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தால் மாலை வரை தேய்த்தேன். ஒன்றில்கூட ஒழுங்காக ஏறவில்லை. பெரியவள் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, தறியில ஓடற நாடா மாதிரி போயிகினு வந்துகினு இருக்குது உங்க கை. ஒரே பக்கமா இழுங்க. போறது மட்டும்தான், வர்றது கிடையாது."

தறியில் இத்தனை வருஷம் பழகின கை. போனால் வரத்தான் செய்யும். இழுத்து, தூக்கி, மறுபடி முதலிலிருந்து இழுக்க அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

கண்காட்சி நம் ஊர்ப் பள்ளியிலேயே நடந்தது. போளூரிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார்தான் மார்க் போடுகிறவர். பலகையில் எல்லா ஊசியும் கிழக்கே பார்த்தபடி நின்றன. பெரியவள் காந்தத்தை மெதுவாக அருகில் கொண்டு போனாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். முதல் வரிசையின் ஓரத்தில் இருந்த ஊசி சட்டென்று திரும்பியது. அது திரும்பியதும் பக்கத்து ஊசி, அதற்கடுத்தது என்று வரிசை முழுக்க மேற்கே பார்த்தது. அடுத்தடுத்த வரிசைகளும் அப்படியே. கடைசி வரிசை மட்டும் நகரவில்லை.

"இந்த வரிசை திரும்பலியேம்மா. அப்ப மாடல் ஃபெயில்தானே?" என்றார் அவர்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பிளேடு வெட்டினதில் நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இல்லைங்க சார்," என்றாள் பெரியவள். தலையைக் குனியவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அங்க காந்தம் எட்டல. பக்கத்து ஊசிங்க ஒண்ணை ஒண்ணு பிடிச்சிகினு இருக்குது. அந்தப் பிடியை மீறினாதான் திரும்பும்."

காந்தத்தைக் கடைசி வரிசைக்குக் கொண்டு போனாள். ஓரத்து ஊசி திரும்பியது, வரிசையும் திரும்பியது. பிறகு காந்தத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் நீட்டி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"இப்ப காந்தமே இல்லைங்க சார். எதுவும் பழையபடி திரும்பல பாருங்க. டேப்புல இருக்கற தூளுக்கு அதோட நீளமான உருவமே பிடி, லேசுல திரும்ப விடாது. இதுல பக்கத்து ஊசி பிடி. அதனாலதான் பாட்டு நிக்குது."

அவர் என்னிடம் கை நீட்டிக் காந்தத்தை வாங்கி, தானே ஒரு தடவை ஊசிகளைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு வாத்தியாரையும் கூப்பிட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட "இல்லைங்க சார்" பெரிசு. இன்றைக்கும் அதை நினைத்தால் நிமிர்ந்து உட்காருவேன்.

பலகையைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வீடு வந்து பீரோ மேல் வைத்தேன். பெரியவள் ஊசிகளைக் கடைசியாக ஒருமுறை மேற்கே திருப்பி வைத்துவிட்டு, பரிசு கிடைத்ததைச் சொல்லத் தோழி வீட்டுக்குப் போனாள். சின்னவளே, நீ தூங்கிவிட்டாய். அவள் வைத்தபடியே இருக்கட்டும் என்று, காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், பின்கட்டில் தறிக்கு அப்பால் இருந்த மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.