நோகாத கால்

வீட்டுக்குள்ளும் நான் செருப்போடுதான் நடக்கிறேன். சாமியறை வாசலில் மட்டும் கழற்றுவேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கும். அதுகளுக்குச் சொன்னால் விளங்காது. வெறுங்காலைச் சீமெந்தில் வைத்தால் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ நெரிகிற மாதிரி இருக்கும். குனிந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

என்னை ஒரு சாதாரண ஆளாக நினைக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு அலுமினியச் சட்டியும் ஒரு மனைவியுமாக வன்னியில், தர்மபுரத்தில் வந்து இறங்கினேன். காடு வெட்டினேன், கிணறு வெட்டினேன். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு நாலு ஏக்கர் வயலும், இரண்டு சோடி மாடும், ஓடு போட்ட வீடும் இருந்தன. ஆரிடமும் கைநீட்டிச் சேர்த்ததல்ல. படித்தவர்கள் வந்து என் கிணற்றுக் கட்டைப் பார்த்து, எந்த மேசன் கட்டியது என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் அந்த மேசன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெயர் என் காலுக்கு இருந்தது. நான் காலால் பிறந்தவன். தலை முதல் வராமல் கால் முதல் வந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போகும், பிடிப்பு எடுபடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. மூன்று நாள், விடியற்காலை, வெறுவயிறு. நல்லெண்ணெய் தடவி, வலது காலால் மெதுவாக ஏறி மிதிக்க வேண்டும். முல்லைத்தீவில் இருந்து ஒரு சம்மாட்டி, கடலில் நூறு பேரை வேலை வாங்குகிற மனிதர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். மூன்றாம் நாள் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு ஒரு சாக்குக் கருவாடு அனுப்பி வைத்தார். சும்மா சொல்லவில்லை, ஊரே தின்றது.

மிதிக்கிறதில் ஒரு நுட்பம் உண்டு. மிதிபடுகிறவன் கத்த வேண்டும். எந்த இடத்தில் கத்துகிறானோ அங்கேதான் சுளுக்கு. கத்தல் குறைந்தால் சுகம் வருகிறது என்று கணக்கு. இந்தக் கணக்கில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை, என் மனைவியின் காலைத் தவிர.

அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பல வருசம். சண்டையால் மண்ணெண்ணெயும் மருந்தும் தடைபட்ட காலம். குளிசை கிடைத்தால் போடுவாள், கிடைக்காவிட்டால் பாகற்காய்ச் சாறு. அவளுடைய கால்விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டு வந்தன, கோழி கொப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி. ஒருநாள் கிணற்றடியில் இருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். மற்றது வழியில் கழன்று கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கயடி மற்றச் செருப்பு? மகாராணிக்கு நடக்கிறதே தெரியேல்லையோ?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாங்கள் சிரித்துத்தான் இருந்தோம்.

மாசி அறுப்பில் வரம்பில் அவளுக்குக் கால் மடங்கியது. அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் இருந்தாள். அடுத்த நாள் வலது பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூளையில் இருந்து எடுத்த செங்கல் சூடு.

"வலிக்குதா?"

"இல்லீங்க. பாரமாத்தான் இருக்கு." இருபது வருசத்தில் என் பேச்சு வன்னிப் பேச்சாக மாறிவிட்டது. அவளுடையது கடைசி வரைக்கும் தோட்டத்துப் பேச்சுத்தான்.

சுளுக்கு என்று முடிவு கட்டினேன். மற்றவர்களை உள்ளே விறாந்தையில் படுக்க வைத்து மிதிப்பேன். இவளை முற்றத்தில், பாலை மரத்துக்குக் கீழே வைத்து மிதித்தேன். ஊர் பார்க்கட்டும் என்றுதான். விடியக்காலமே பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து பக்கத்துக் காணியில் இருந்த அக்கா வாயாடி.

"அண்ணை, மனிசியை மிதிக்க எல்லா ஆம்பிளையளுக்கும் ஆசைதான். உங்களுக்கு மட்டும்தான் லைசென்சு இருக்கு" என்றா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

முதல் நாள் அவள் கத்தவில்லை. இரண்டாம் நாளும் கத்தவில்லை. "பாருங்கோ, ஒரு சத்தம் இல்லை. கால் பட்டதும் சுளுக்கு ஓடுது" என்று நின்றவர்களுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். அப்போது என் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ நெரிந்தது. காய்ந்த கிளிஞ்சல் மேல் ஏறினால் நெரியுமே, அந்த மாதிரி. சின்னச் சத்தம்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பாலை மரத்தின் கொப்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"சரி, எடுபட்டிட்டுது" என்று இறங்கினேன். அக்கா கைதட்டினா.

அவள் எழுந்து நடந்தாள். அதுதான் பெரிய கொடுமை, அவளால் நடக்க முடிந்தது. தண்ணீர் அள்ளினாள், நெல் அவித்தாள். வீக்கம் வற்றவில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டு கிழமை கழித்துக் கிணற்றடி ஈர மண்ணில் அவளுடைய கால் தடத்தைக் கண்டேன். இடது தடத்தில் நடுவிடம் மண்ணில் பதியவில்லை, எல்லாருக்கும் இருக்கிற மாதிரி. வலது தடத்தில் அப்படி இல்லை. பதியாமல் இருக்க வேண்டிய நடுவிடம்தான் மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது, தோணியின் அடி மாதிரி. வேறு ஏதோ ஒரு பிராணி எங்கள் கிணற்றுக்கு வந்து போன மாதிரி இருந்தது. காலால் மண்ணை இழுத்து அந்தத் தடத்தை மூடினேன். அன்றைக்கே வண்டி பூட்டினேன்.

ஆசுபத்திரி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடந்த காலம். டொக்டர் சின்ன வயது. எக்ஸ்ரே எடுக்க வசதி இல்லை. கையாலேயே நெடுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு, "அம்மா, கண்ணை மூடுங்கோ. நான் தொடுறது தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

பேனை முனையால் கையைத் தொட்டார். "ஆமாங்க." முழங்காலைத் தொட்டார். "ஆமாங்க." பிறகு பெருவிரலை, குதியை, உள்ளங்காலை, இரண்டு காலிலும் தொட்டுத் தொட்டுப் போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து, கவனமாகக் காத்திருந்தாள்.

"தொடுங்க ஐயா" என்றாள்.

அவர் தொட்டு முடித்துப் பேனையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். சீனி நரம்பைச் சாகடிக்குமாம். நோவு தெரியாமல் போவது அதில் ஒரு பாதிதான். பாதத்துக்குள் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. நரம்பு செத்தால் அவை சூம்பும். மேலே இருந்து வருகிற பெரிய நாண் மட்டும் இழுக்கும். அதனால்தான் விரல் கொக்கி மாதிரி வளைகிறது. எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாடு வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். விரல் வளைந்தால் உடம்பின் பாரம் விழக்கூடாத இடத்தில் விழும். எலும்பும் உள்ளே பலமிழக்கும். ஒரு சின்ன மடங்கல் போதும், வெடிக்கும். நோகாது. நோகாததால் நடப்பார்கள். நடக்க நடக்க உடைந்து, உடைந்தபடியே கோணலாகப் பொருந்திவிடும்.

"சூடும் சிவப்பும் கண்டவுடனை காலை நிலத்திலை வைக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு வந்திராது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆரும் எண்ணெய் போட்டு உருவினவையோ? மிதிச்சவையோ?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை ஐயா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்தாள். டொக்டர் பிளாஸ்டர் போட்டார். நாலு மாதம் இந்தக் கால் நிலத்தில் படக்கூடாது, பட்டால் புண் வரும், புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லி அனுப்பினார்.

நாலு மாதம் நான் சமைத்தேன். நன்றாகவே சமைத்தேன், அதையும் சொல்ல வேண்டும். குசினி வாசலில் கதிரை போட்டு, காலை ஒரு நெல்மூட்டையில் தூக்கி வைத்து இருத்தினேன். தடி ஊன்றி மற்றக் காலால் தத்திப் போக ஒரு கைப்பிடிக் கம்பும் கட்டிக் கொடுத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நெரிந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாவிடிக்கிற சத்தத்தில், வைக்கோல் மிதிபடுகிற சத்தத்தில் அது வந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் மாதம் ஒரு பின்னேரம், கணுக்கால் பிரண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு அக்கா வந்தா. இப்போது மிதிக்கிறதில்லை, ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ என்றேன். "என்ன அண்ணை, லைசென்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

"ஏன் திருப்பி அனுப்புனீங்க?" என்று அவள் கேட்டாள்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "உன்ரை காலை உடைச்சது நான்தான். வரம்பிலை மடங்கினது கொஞ்சம். மூண்டாம் நாள் மிதிக்கேக்கை எலும்பு நெரிஞ்சது. எனக்குக் கேட்டது."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மூணாவது நாள் இல்லீங்க" என்றாள். "மொத நாளே கேட்டுச்சு."

அடுப்பை விட்டுத் திரும்பினேன். "கேட்டதெண்டால் ஏன் மற்ற நாளும் காலை நீட்டினனீ?"

"வலிச்சிருந்தா அப்பவே இழுத்திருப்பேன். அலறியிருப்பேன். வலிக்கலியே. அவ்ளோ சனம் நிக்குது, உங்க பேரு என்னாகும்னு யோசிக்க எனக்கு நேரம் இருந்துச்சு."

அரிசிச் சுளகை ஒருமுறை புடைத்தாள்.

ஆடி மாதம் பிளாஸ்டர் வெட்டினார்கள். கால் தப்பியது, புண் இல்லை. ஆனால் பாதம் தோணிதான். இனி அது நிமிராது, இதற்கேற்ற மாதிரிச் செருப்பு ஒன்று செய்ய வேண்டும் என்றார் டொக்டர். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். எங்கள் ஊர்ச் சனமும் நின்றது.

"ஐயா, அண்டைக்கு நான் சொன்னது பொய். நான்தான் மிதிச்சனான்" என்றேன். மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எல்லாருக்கும் கேட்டது.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை தரம்?"

"மூண்டு நாள்."

அவளுடைய அட்டையை எடுத்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். என்ன என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். குளக்கட்டில் ஏறினபோதுதான் வாய் திறந்தாள்.

"நான் மூணு நாள் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க இப்படிச் சந்தியில கொண்டாந்து கொட்டிட்டீங்களே."

அழுதாள். கால் உடைந்தபோது அழாதவள். மாட்டைத் தட்டி ஓட்டினேன். வீடு வந்ததும் இறக்கிவிடத் தோளைக் கொடுத்தேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. வண்டிச் சட்டத்தைப் பிடித்துத் தானே இறங்கி, அந்தப் பாதத்தை முதன்முதலாக முற்றத்து மண்ணில் வைத்து, அது தன்னுடையதுதானா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.