கொடி விழும் முன்

என் அண்ணன் ரெய்னோ கனடாவின் தண்டர் பே ஏரித் துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் எடை போட்டவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் தொழிற்சங்கக் கூடத்தின் கீழ்த்தளத்தில் செஸ் ஆடுவான். எதிரே எர்னி மக்ரே. ஜெயிப்பது எப்போதும் எர்னிதான். ஒருமுறை எர்னி இரக்கப்பட்டு டிரா கேட்டதற்கு, "பிச்சை வேண்டாம்" என்று மறுத்துவிட்டுத் தோற்று வந்தான். எர்னியிடம் நியாயமாக ஒரு டிரா. அவன் ஆசை அவ்வளவுதான்.

அது அவன் ஆபரேஷனுக்கு முந்தைய வியாழன். அவனால் கார் ஓட்ட முடியவில்லை, நான் கூட்டிப் போனேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது.

ரெய்னோ யானையைப் பலிகொடுத்து ராணியை உள்ளே விட்டான். செக். எர்னியின் ராஜா மூலைக்கு ஒதுங்கியது. ராணி துரத்தியது. ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பியது. ராஜாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. ராணி துரத்துவதை நிறுத்தினால் ரெய்னோவுக்குத் தோல்வி. ஒரே நிலை மூன்று முறை வந்தால், யாராவது ஒருவர் கேட்டால் போதும், டிரா.

மூன்றையும் தாண்டிவிட்டது. இருவரும் கேட்கவில்லை.

"கேளேன்டா," என்றான் எர்னி.

"நீ கேளு."

"எனக்கென்ன அவசரம்? வீட்டுக்குப் போனா பனி அள்ளணும்."

"அப்போ உக்காரு. செக்."

ஹீட்டர் முனகியது. காபி ஆறிப்போனது. ராணி போவதும் ராஜா வருவதும், யாரோ ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ரெய்னோவின் முகத்தில் வலி தெரியவில்லை.

அப்புறம்தான் பலகையின் பக்கத்தில் இருந்த செஸ் கடிகாரத்தைப் பார்த்தேன். ரெய்னோ பக்கத்து முள் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டிருந்தது. அது விழுந்தால் நேரம் முடிந்தது, ஆட்டம் போனது. வேடிக்கை பார்ப்பவன் வாய் திறக்கக் கூடாது. ரெய்னோவோ ராணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

எர்னி கடிகாரத்தைப் பார்த்தான். பேசாமல் இருந்தாலே ஜெயித்திருப்பான். கை நீட்டி அதை நிறுத்தினான்.

"அதே நிலை. நான் கேக்குறேன். டிரா."

கை குலுக்கினார்கள். ஆட்டம் முடிந்ததற்கு அடையாளமாக, வழக்கப்படி இரண்டு ராஜாக்களையும் பலகை நடுவில் வைக்கப் போனான் ரெய்னோ.

"இருடா," என்றான் எர்னி. "கடிகாரம்தானே நின்னுச்சு. நீ செக் வை."

விளக்கணைக்க ஆள் வரும்வரை ஆடினார்கள்.

காரில் ரெய்னோ கேட்டான்: "அவன் பிச்சை போடலல்ல?"

"இல்லண்ணா. அந்த நிலையைக் கொண்டுவந்தது நீதானே."

"அப்போ சரி."

ஏரியின் பனிக்கட்டி உடைவதற்குள் ரெய்னோ போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வியாழன் இரவு, வீடு திரும்பும் வழியில், ரயில்வே கேட்டில் கோதுமை ரயில் கடந்துகொண்டிருந்தது, ஒன்றுபோலவே பெட்டி பெட்டியாக. பக்கத்து சீட்டில் ரெய்னோ தூங்கிவிட்டிருந்தான். கேட் திறந்த பிறகும், பின்னால் யாரோ ஹாரன் அடிக்கும்வரை, நான் காரை எடுக்கவில்லை.