டீச்சர் வீட்டு டம்ளர்

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். சன்னல் திரையை விலக்கி, கீழே நிறுத்தியிருக்கும் சைக்கிளின் இருக்கையில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்தேன்; உறைந்திருந்தது. வெந்நீர் குடித்துவிட்டு, கணவருக்கு மதியத்துக்கான ரொட்டியைக் கட்டிக் கொடுத்தேன். துணிகளை இயந்திரத்தில் போட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால், பத்தரை மணிக்கு மாடி வீட்டு ரீட் அம்மையாரின் கதவைத் தட்டினேன். எழுபது வயதைத் தாண்டிய அவர் தனியாக வாழ்கிறார். செவ்வாய் அவர் வீட்டில் காப்பி, புதன் என் வீட்டில் காப்பி என்பது எங்களுக்குள் ஏற்பாடு. காப்பியை ஊற்றிவிட்டு அலமாரியிலிருந்து நீல நிறத் தகர டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் ஒரு பிஸ்கட் எடுத்தேன். அவர் ஒன்று எடுத்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி, டப்பாவை அதே இடத்தில் வைத்தார். காப்பி இரண்டாம் முறை வரும், டப்பா வராது. நெதர்லாந்தின் இந்தச் சிறிய நகரத்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குளிர் பழகிவிட்டது, மொழி ஓரளவு பழகிவிட்டது. அந்த மூடி மூடும் ஓசை மட்டும் இன்னும் பழகவில்லை.

வந்த புதிதில் முதல் முறையாக அவர் வீட்டுக்குப் போனபோது, "குக்யே?" என்று கேட்டு இதே டப்பாவை நீட்டினார். பிஸ்கட்டைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. நம் வழக்கப்படி, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று கையசைத்தேன். இரண்டாம் முறை கேட்பார், மூன்றாம் முறை கையில் திணிப்பார், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு மூடியைப் போட்டார். அன்று வீடு திரும்பி அழுதேன். மொழி கொஞ்சம் வந்த பிறகு இதை அவரிடமே ஒருநாள் சொன்னேன். ரீட் அம்மையார் திகைத்துப்போனார். "நீ வேண்டாம் என்றாய். நான் உன்னை நம்பினேன்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் உண்மையாகவே வேண்டாம் என்றால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஆனால் யாரும் நம்பமாட்டார்கள்.

யாரும் கையில் திணிக்காத ஊரில்தான் நான் பருத்தேன் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகள் காலையில் அவர்களுடைய ரொட்டியும் சீஸும், மதியம் ஒரு தட்டுச் சோறு, இரவு மறுபடி சோறு என்று இரண்டு நாடுகளின் சாப்பாட்டையும் ஒரே வயிற்றில் போட்டேன். மாலையில் அக்காவுடன் வீடியோவில் பேசும்போது கை தானாக மிக்சர் பொட்டலத்துக்குள் போகும். பேச்சு முடியும்போது பொட்டலமும் முடிந்திருக்கும். ஹவுஸ்ஆர்ட்ஸ், அதாவது குடும்ப மருத்துவர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார். மருந்து தரவில்லை, தட்டைப் பற்றித்தான் பேசினார். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே ஒவ்வொருவர் தட்டிலும் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை என் தட்டுக்குக் கொண்டுவந்தேன். பாதித் தட்டு காய், கால் பங்கு மீனோ பருப்போ, மீதிக் கால் பங்குதான் சோறு. இரவுச் சாப்பாட்டை ஆறரைக்குள் முடித்தேன். மிக்சர் வாங்குவதை விட்டேன். அக்காவுடன் பேசும்போது துணி மடிக்கத் தொடங்கினேன். ஒன்றரை ஆண்டில் பதினோரு கிலோ குறைந்தது. இதில் எந்த ரகசியமும் இல்லை. டப்பாவின் மூடியை எனக்கு நானே மூடக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஊருக்குப் போனேன். எங்கள் குப்பம் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. அக்கா எல்லம்மா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு, கரையில் மீன் ஏலம் எடுத்து, அலுமினியக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்துக்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாடி இது, எலும்பும் தோலுமா வந்துகீற? அங்க சோறு கெடைக்கலியா, இல்ல உம் புருசன் போடலியா?"

"நானேதான் கொறச்சேன்க்கா."

"நீயேவா? டப்பு செலவு பண்ணி ஏரோப்ளேன் ஏறிப் போனது பட்டினி கெடக்கவா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் எழுந்து நிற்பதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வலது காலுக்கு அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம். ஆனால் எடை குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் செய்ய முடியும் என்று செங்கல்பட்டில் மருத்துவர் சொல்லியிருந்தார். தள்ளிப்போனால் மாடிப்படி ஏற முடியாது. அவளுடைய வாடிக்கை வீடுகள் எல்லாம் மாடிக் குடியிருப்புகள். படி ஏற முடியாவிட்டால் வியாபாரம் இல்லை.

மறுநாளே அடுப்படியைக் கையில் எடுத்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் அளந்த சோறு, அதைவிட அதிகமாகக் கீரை. மீன் வறுவலை நிறுத்திவிட்டுக் குழம்பு மட்டும் வைத்தேன். "இன்னாடி, கோழிக்குத் தீனி அளக்கற மாரி அளக்கற?" என்று முனகினாலும் அக்கா வைத்ததை மட்டுமே சாப்பிட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கல்பாக்கத்தில் மருந்துக்கடை எடை இயந்திரத்தில் அவளை ஏற்றினேன். முள் முதல் நாள் காட்டிய இடத்திலேயே நின்றது. இயந்திரம் பழுதோ என்று நான் ஏறிப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிற ஆள் இல்லை அக்கா. எனக்குக் காரணம் பிடிபடவில்லை. அடுத்த நாள் அவளோடு நானும் அணுபுரம் கிளம்பினேன்.

அங்கேதான் கண்டேன். அணுபுரத்தில் குடியிருப்பவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். மீன் வாங்குகிற வீட்டில், அக்கா வாசலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீனை ஆய்ந்து கொடுப்பாள். ஆய்ந்து முடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு டம்ளர் டீ வரும். வெயிலில் வந்தவள் என்று சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டிருப்பார்கள். கோயம்புத்தூர்க்கார வீட்டில் டீயுடன் முந்தின நாள் பிறந்தநாள் கேக். மதுரைக்கார வீட்டில் பால்கோவா. ஒவ்வொரு வீட்டிலும் அக்கா, "வேணாம்மா" என்றாள். ஒரு வீட்டிலும் நம்பவில்லை. நான் வீட்டில் அளந்து குறைத்த அத்தனையும் இந்த வாசல்களில் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது.

கடைசி வீடு டீச்சருடையது. நாகர்கோவில் பக்கத்துக்காரர், பள்ளியில் வேலை செய்பவர், மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். அக்கா மீன் கழிவைக் கொட்டக் கீழே இறங்கிய நேரத்தில் அவரிடம் பேசினேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பழகிப்போன நேர்ப்பேச்சில் பேசினேன். அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது, இனிமேல் எதுவும் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? சரிம்மா" என்றார். காரியம் எளிதாக முடிந்தது என்று எனக்குத் திருப்தி.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். டீச்சர் சங்கரா மீன் வாங்கினார். அக்கா ஆய்ந்து கொடுத்தாள். பணத்தைக் கொடுத்தார். "உடம்பப் பாத்துக்கிடுங்க எல்லம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அக்கா உடனே எழவில்லை. கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஓசை தெரியும். தகர டப்பாவின் மூடி. அதை நானே இங்கே கொண்டுவந்து மூடியிருந்தேன்.

ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது அக்கா கேட்டாள்.

"டீச்சராண்ட இன்னா சொன்ன?"

சொன்னேன்.

"மொதல்ல எனக்குப் பேப்பர் கப்புலதாண்டி குட்த்தாங்க. எல்லா வூட்லயும். வாசப்படிக்கு அந்தாண்ட நிக்க வெச்சி. எத்தினி வருசம் தெரியுமா? ஒரு நாளு மழைல தொப்பலா நனஞ்சிகினு போய் நிக்கறேன், அந்தம்மா அவங்க குடிக்கிற டம்ளர்ல ஊத்தி எங்கையில குட்த்தாங்க. அத பாத்துதான் மத்த வூடும் மாறிச்சி. நீ சக்கரைய மட்டும் பாத்துட்ட."

"காலு போய்டும்க்கா."

"தெரியும்டி. நீ பொட்டியக் கட்டிகினு போய்டுவ. அந்த மூணு மாடியும் நாந்தான் ஏறணும்."

அன்று மாலை அளந்து வைத்த சோற்றில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். நானும் குறைந்த சோற்றைத்தான் கேட்டேன். ஆனால் இப்படிக் குறைய வேண்டும் என்று கேட்கவில்லை. டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கேட்டால் டீ வரும்; சர்க்கரையும் வரும். கேட்காவிட்டால் இரண்டும் வராது. சமையலறைக் கணக்கில் இதற்கு வழி இல்லை.

அடுத்த முறை அக்கா என்னை வரவேண்டாம் என்றாள். கூடையைத் தூக்கி உதவுகிறேன் என்று பிடிவாதமாகப் போனேன். டீச்சர் வீட்டில் நெத்திலி ஆய்ந்து முடித்து, பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கதவு சாத்தப்படுவதற்குள், எழுந்திருக்காமலே கையை நீட்டினாள்.

"டீச்சரம்மா, தொண்ட காஞ்சிபோச்சி. நம்ம டம்ளர்ல கொஞ்சம் தண்ணி குடும்மா."

'நம்ம டம்ளர்' என்றாள். டீச்சர் கதவை விட்டுவிட்டு உள்ளே போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் அதே டம்ளர். அதில் உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர்.

"இதுல சர்க்கரை கெடயாது. உங்க தங்கச்சிட்டச் சொல்லிருங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அவளா? அவ ஊர்ல பிஸ்கோத்து டப்பாவ மூடி ஒளிச்சி வெச்சிக்குவாங்களாம். அவளுக்கு இன்னா தெரியும்" என்றாள் அக்கா. டீச்சர் சிரித்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. நான் ஒரு முறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அக்காவே முந்திக்கொண்டு கேட்டாள். ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் வெந்நீர், ஒரு வீட்டில் சர்க்கரை இல்லாத டீ. மதுரைக்கார வீட்டில் பால்கோவாவுக்குப் பதிலாக வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி வைத்திருந்தார்கள். டம்ளர்கள் எதுவும் மாறவில்லை. நான் திரும்பிய ஆகஸ்ட் மாதத்துக்குள் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டேன். தீபாவளிக்கு ஏறியது, கார்த்திகையில் இறங்கியது. பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை செங்கல்பட்டில் மறுபடி எடை பார்த்து, காலுக்குத் தேதி உண்டா இல்லையா என்று சொல்வதாக இருந்தது.

ஆகவே, தொடக்கத்தில் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை, அந்தத் தேதிக்கு முந்தின நாள். ரீட் அம்மையார் வீட்டிலிருந்து இறங்கி, முதியோர் இல்லத்துக்குப் போய், தட்டுகளை அளந்து அடுக்கினேன். அந்த இல்லத்தில் யாரும் யாரையும் இன்னொரு கரண்டி என்று வற்புறுத்துவதில்லை. அது நல்லதுதான். ஆனால் மேசையில் தனியாக உட்கார்ந்து அளவாகச் சாப்பிட்டு எழும் அந்த முதியவர்களைப் பார்க்கும்போது, இவர்கள் கடைசியாக எப்போது ஒருவர் கையில் திணித்ததை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று அன்று நினைத்தேன். மாலையில் ஊருக்குப் போக விடுமுறை கேட்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை என்றால் பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை கண் விழித்தபோது அக்காவின் குரல் பதிவு வந்திருந்தது. படுக்கையிலேயே கேட்டேன்.

"செல்வி, எட போட்டாங்க. ஒம்போது கிலோ எறங்கிகீது. சுகரும் நல்லாகீதாம். டாக்டரு தேதி குட்த்துட்டாரு. மீன்புடி தடக்காலத்துல வோணும்னு நாந்தான் கேட்டு வாங்கிகினேன். போட்டு போவாது, மீனு வராது, கால நீட்டிகினு குந்திகலாம் பாரு. நீ லீவு போட்டுகினு அட்ச்சி புட்ச்சி ஓடியாராத. டீச்சரு கூட இருக்கறேன்னு சொல்லிகீது. இன்னிக்கி இஸ்கூலுக்கு லீவு போட்டுகினு எங்கூட வந்துகீது, இப்பகூட பக்கத்துலதான் குந்திகினுகீது, மோரு எட்த்தாந்துகீது."

இரண்டாம் முறையும் கேட்டேன். நிம்மதியாக இருந்தது. மருத்துவமனையில் அக்காவின் பக்கத்து நாற்காலி எனக்கு என்று நினைத்திருந்தேன். அதில் ஆள் இருக்கிறது. ஓடி வராதே என்கிறாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தானா என்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுந்து முதலில் செய்தது இதுதான். அலமாரியிலிருந்து என் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். அன்று ரீட் அம்மையார் என் வீட்டுக்கு வரும் முறை. மூடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினேன். திறந்த டப்பாவை மேசையின் நடுவே, அவர் உட்காரும் பக்கமாகத் தள்ளி வைத்தேன். என் பக்கத்தில், எனக்கென்று, ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொண்டேன்.