இராவணன் வெட்டில் ஒரு மறுமொழி

நேற்றுக் காலை கோணேசர் மலையில் ஏறியபோது, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குள் ஒரு சிறுமி தன் பெயரைக் கூவி விளையாடினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சிறுவயதில் என் அத்தை மகன் சிவமும் அங்கே நின்றுதான் கூவினான். அவனுடைய தகப்பன் இறக்கக்கண்டிக் கரையிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதன்பின் சிவம் எங்கள் வீட்டில் வளர்ந்தான். ஞாயிறுதோறும் அப்பா எங்களை இந்த மலைக்குக் கூட்டிவருவார். கோட்டை வாசலில் மான் புழுக்கை மணமும் உப்புக்காற்றும் கலந்து வரும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய கதையை அப்பா சொல்வதும், குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரையைக் காட்டுவதும் சிவத்தின் தோளில் கைபோட்டபடிதான். நான் மூவரின் செருப்புகளையும் சுமந்து பின்னால் வருவேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவன் காதில் சொன்னேன்.

"டேய், இந்த வெட்டுக்குள்ள கூப்பிட்டால் கடலில போன ஆக்கள் மறுமொழி சொல்லுவினம்."

"உண்மையாவோ?"

"ஓம். பெலத்துக் கூப்பிடு."

அவன் ஏமாந்து அழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவன் குனிந்து, "அப்பா" என்று கூப்பிட்டான். கீழே அலை மட்டும் அடித்தது. மறுபடியும் கூப்பிட்டான்.

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற என் அப்பா, "ஓம் ராசா, இஞ்ச நிக்கிறன்" என்றார்.

அதன்பின் சிவம் அவரை மாமா என்று அழைக்கவில்லை.

நான் செய்தது கொடுமை என்று வெகுகாலமாக வருந்துகிறேன். ஆனாலும் நேற்று அந்தப் பிளவருகே, அப்பா என்னை ஒருநாளாவது ராசா என்று கூப்பிட்டாரா என்றுதான் முதலில் யோசித்தேன்.