தண்ணீரில் இறங்கும் ஜெட்

மாமா இறந்த பிறகு நான் செய்தது ஒரே ஒரு விமானம். அது தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானம். ஏன் அப்படி என்று கடையில் யாராவது கேட்டால், "சித்தூர்ல ரன்வேக்கு எங்க போறது, ஏரிதான இருக்குது" என்று சிரித்துவிடுவேன். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் எனக்கு நல்ல பதில் சட்டென்று வந்துவிடும்.

மாமா என் அக்காவின் கணவர். திருப்பதியில் ஏசி மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம். லாட்ஜ் மொட்டை மாடிகளில் ஏணி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடுவார். நான் சித்தூரில் பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். உயரத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாகாலா வழியாக வரும் ரயிலில் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்குவார். தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆண்கள், தெர்மகோல் மாதிரி லேசான வெள்ளை போம் ஷீட்டை வெட்டி, ஒட்டி, ரிமோட்டில் பறக்கவிடுவோம். சாதாரணமாக மூக்கில் விசிறி சுற்றும் விமானம் அவருக்கு ஆகாது. குழாய்க்குள் விசிறியை வைத்துக் காற்றைப் பின்னால் பீய்ச்சிப் பறக்கும் ஜெட்தான் வேண்டும்.

"ஊர்ல இருக்கிற ஏசிக்கெல்லாம் காத்து போற டக்ட் கட்றவன், நம்ம விமானத்துக்கு ஒண்ணு கட்ட மாட்டனா மச்சான்?" என்பார்.

எங்கள் இருவருக்கும் ரிமோட் ஒன்றுதான். கழுத்தில் மாட்டிக்கொள்ள அதற்கு ஒரு பட்டை உண்டு. நான் ஓட்டும்போது அதைக் கடைசி வரை இழுத்துச் சுருக்கிக்கொள்வேன். அவர் கைக்குப் போனதும் முதல் வேலையாக அதை நீளமாக்குவார். "இன்னா மச்சான், இஸ்கூல் பசங்க வாட்டர் பாட்டில் மாட்ற மாரி மாட்டிக்கினு இருந்திருக்கற" என்று ஒவ்வொரு முறையும் அதே கிண்டல். ஒவ்வொரு முறையும் நான் சிரித்தேன்.

அந்த ஞாயிறு குடிபாலா தாண்டி ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். மழைக்குப் பிறகு ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ரிமோட் என் கழுத்தில் இருந்தது. "தண்ணிப் பக்கம் உடாத மச்சான்" என்று இரண்டு தடவை சொன்னார். விட்டேன். தண்ணீருக்கு மேல் தாழப் பறந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. வளைவை இறுக்கித் திருப்பினேன். விமானம் வேகம் இழந்து ஏரியின் நடுவில் விழுந்தது. விசிறிச் சத்தம் சட்டென்று நின்றது.

நான் குதித்த குதியை நினைத்தால் இன்றும் என்னை அறையத் தோன்றுகிறது. "போச்சு மாமா, பேட்டரி போச்சு, எல்லாம் போச்சு" என்று கத்தினேன். மாமா சட்டையைக் கழற்றினார். ஒன்றும் ஆகாது என்பதை அவர் எப்போதும் தெலுங்கில்தான் சொல்வார். "ஏம் காதுலே மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். கோடையில் டிராக்டர் வைத்து மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் இருந்தன. பள்ளம் நிறையக் கொடி. பாதித் தூரத்தில் ஒருமுறை முங்கி எழுந்தார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது முறை முங்கியபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

போலீஸ் வந்தபோது, மாமாதான் ஓட்டினார், விழுந்ததும் எடுக்க இறங்கினார் என்று சொன்னேன். யார் ஓட்டியது என்று அவர்கள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். அவருடைய சட்டை, போன், செருப்பு, ரிமோட் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு சத்தங்கள் என்னை விடவில்லை. மிக்ஸி ஓடினால் அந்த ஜெட்டின் கீச்சொலி. அது நின்றதும் வரும் அமைதியில், "ஏம் காதுலே" என்ற குரலுக்காக என் காது காத்திருக்கும். குளியலறையில் பக்கெட் நிறைந்திருந்தால், மேலே ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொம்பைப் போடுவேன். பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் எதையெல்லாம் சொல்ல வேண்டிவரும்?

ஒரு வருடம் கழித்து, மிச்சமிருந்த போம் ஷீட்டுகளை எடுத்தேன். அவற்றில் ஒன்றில் மாமா பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு 'மூக்கு இந்தப் பக்கம்' என்று எழுதியிருந்தார். அழிக்க மனம் வரவில்லை. அந்தத் துண்டை எழுத்து உள்பக்கம் இருக்கும்படி இறக்கைக்குள் வைத்து ஒட்டினேன்.

தண்ணீரில் உட்காரத் தெரிந்த விமானம் தானே ஓடிக் கரைக்கு வந்துவிடும், யாரும் இறங்க வேண்டியதில்லை. இதுதான் என் கணக்கு. வயிற்றைப் படகின் அடிப்பாகம் போல வெட்டினேன். தண்ணீர் தெறித்து உள்ளே போகாதபடி விசிறிக் குழாயை இறக்கைக்கு மேலே, பின்பக்கம் தள்ளி வைத்தேன். தொட்டியில் போட்டு நூல் கட்டி இழுத்துப் பார்த்தால் எழும்பவே இல்லை. ஈர மேடையில் ஒட்டிக்கொண்ட எவர்சில்வர் தட்டு மாதிரி தண்ணீர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. வயிற்றின் நடுவில் ஒரு விரல் உயரத்துக்குப் படி வைத்தால் தண்ணீர் அங்கே பிய்த்துக்கொண்டு விட்டுவிடும் என்று புரிய மூன்று வயிறுகள் வீணாயின. ஒரு வயிற்றைத் தவறான பசை தின்றது. நாலாவது வயிறு, நூலை இழுத்ததும் எழுந்தது. நான் அழுதுவிட்டேன்.

ரிமோட் கேட்கத் திருப்பதிக்குப் போனேன். அக்கா அங்கே ஒரு ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய், பீரோவிலிருந்து அதே துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. அக்கா என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு காட்டாம பறக்க உடாத," என்றாள். "அந்த ஏரியிலயேதான் உடணும்."

"அங்க எதுக்குக்கா?"

"நான் சொல்றேன் இல்ல."

அடுத்த ஞாயிறு மாமா வரும் அதே ரயிலில் வந்தாள். ஸ்டேஷனிலிருந்து பைக்கில் ஏரிக்குப் போனோம். ஏரி பாதி வற்றியிருந்தது, ஆனாலும் நடுவில் ஆழம்தான். விமானத்தைத் தண்ணீரில் வைத்தேன். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"ஓட்டு," என்றாள்.

ஓட்டினேன். படி வேலை செய்தது. மூக்கைத் தூக்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி எழுந்தது. இரண்டு சுற்று வந்து ஏரியின் நடுவில் மெத்தென்று உட்கார்ந்தது. அந்த ஒரு நிமிடம் மாமா பக்கத்தில் நிற்கிறார் என்றே நம்பினேன். கரைக்குக் கொண்டுவர விசையைத் தள்ளினேன். விசிறி சுற்றவில்லை. மறுபடி தள்ளினேன். எங்கேயோ தண்ணீர் புகுந்துவிட்டிருந்தது. இவ்வளவு யோசித்துச் செய்த விமானம் அதே இடத்தில், அதே வெள்ளையாக, சும்மா நின்றது.

என் செருப்பு கழன்றிருந்தது எனக்கே தெரியாது. முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன். அக்கா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு."

"அக்கா, பேட்டரி..."

"உக்காருடா!"

கரையில் உட்கார்ந்தோம். காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் விமானம் நகர்வது தெரிந்தது. வால் துடுப்பில் காற்று பட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அன்னிக்கு மாமா ஓட்டலக்கா. நான்தான் ஓட்டனேன்."

"தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"பையத் தொறந்த அன்னிக்கே தெரியும். அந்தப் பட்டைய அவரு மாட்டினா ரிமோட்டு தாடையில இடிக்கும். நான் அதத் தொடவே இல்ல. போன வாரம் நீ மாட்டன, அப்பிடியே ஒக்காந்துச்சு." பிறகு, "நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்," என்றாள்.

வெட்கமா நிம்மதியா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டும்தான். இதற்காகத்தான் வரச் சொன்னாள், முடிந்தது என்று நினைத்தேன்.

விமானம் கரைக் கல்லில் வந்து முட்டியது. அக்கா குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றாள். "அன்னிக்கு உழுந்த விமானமும் இதே போம்தான?"

"ஆமா."

"அப்ப அது இன்னா ஆச்சு? அதப் பத்தி யாருமே பேசலயே."

இதை மட்டும் யாரும் கேட்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று ஆட்கள் கயிறு கட்டி இறங்கித் தேடிக்கொண்டிருந்தபோது, வெள்ளையாக ஒன்று மெல்ல வந்து என் காலருகில் நின்றது. யாரும் பார்ப்பதற்கு முன் அதை எடுத்து ஒடித்துப் புதருக்குள் திணித்தேன். தண்ணீரில் இறங்கும் விமானம் செய்கிறேன் என்று இத்தனை நாள் நான் வெட்டியதும் ஒட்டியதும் அதை மறக்கத்தான்.

"வந்துடுச்சுக்கா," என்றேன். "மாமாவ எடுக்கறதுக்கு முன்னாடியே, தானா கரைக்கு வந்துடுச்சு."

அக்கா அழவில்லை. ஈரம் காயாத இறக்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்துகினு இருந்திருக்கலாம் இல்லடா," என்றாள், "ரெண்டு பேரும்."